பச்சை ஓலைக்குள் கிரகணம்

எங்கள் குடும்பத்தில் சூரியனைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்று ஏழாம் வகுப்பில் எனக்கு உறுதியான எண்ணம் இருந்தது. அதில் பெரிய தவறும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளம் வாங்குவதற்காக அப்பா கையெழுத்துப் போடப் பழகியிருந்தார். அதைத் தவிர வேறெதையும் எழுத மாட்டார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போய்வரும் அவள், ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதை ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டியையும் சுவரையும் வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். அம்மாவின் தம்பியான மாமா மட்டும் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். "போனேன்" என்றுதான் சொல்வார். "படிச்சேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்படியொரு குடும்பத்தில் ஒருத்தி ஏழாம் வகுப்பு வரை வந்து, அறிவியலில் வகுப்பிலேயே முதலாவதாகவும் வந்துவிட்டால், தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறத்தான் செய்யும்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று சூரிய கிரகணம் வந்தது. மார்கழி பிறந்ததிலிருந்தே எங்கள் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. முழு கிரகணம் என்றால் நட்டநடுப் பகலில் இருட்டிவிடும் என்றும், இந்தத் தடவை வருவது அது இல்லை என்றும் அறிவியல் டீச்சர் சொன்னார். ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சூரியன் வளையல் போலத் தெரியும். நமக்கு அரிவாள் போல ஒரு துண்டு மிஞ்சும். இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது மாமா சிரித்தார்.

"நல்லதெல்லாம் வெளியூருக்கு, மிச்சம் மீதி மெட்ராஸுக்கு. தண்ணி மாதிரியே இதுவுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த மிச்சம் மீதியைத்தான் நான் ஊருக்கே காட்டப்போகிறேன்.

கிரகணத்தன்று பள்ளி மைதானத்தைத் திறந்துவைத்து, திருநின்றவூரில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மைதானத்தில் சில மேசைகள். ஒரு மேசையில் அட்டைக் கண்ணாடி. இன்னொன்றில் சூரியனைச் சுவரில் விழ வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. மூன்றாவது மேசையில் ஊசித்துளைப் பெட்டி. அந்தப் பெட்டி என் பொறுப்பு.

எனக்கு அந்தப் பெட்டி கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. டீச்சர் ஒருநாள் எங்களைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய், மேலே பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள் என்றார். மரத்தடியில் எப்போதும் கிடக்கிற வெளிச்சப் பொட்டுகள்தான் கிடந்தன. இலைக்கு இலை இருக்கும் இடுக்கு கோணல்மாணலாக இருக்கிறதே, கீழே விழுகிற பொட்டு மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். சூரியன் வட்டம், அதனால் பொட்டும் வட்டம் என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் முறுக்கு அச்சில் நட்சத்திர ஓட்டை போட்ட சில்லை எடுத்துக்கொண்டு மொட்டை வெயிலில் நின்றேன். சில்லைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்தால் நட்சத்திரம் விழுந்தது. உயரத் தூக்கத் தூக்க நட்சத்திரத்தின் முனைகள் கரைந்து, கடைசியில் வட்டமானது. வாசற்படியில் ஏறிப் பிடித்துப் பார்த்தேன், தண்ணீர் டிரம்மின் மேல் நின்று பிடித்துப் பார்த்தேன். வட்டம்தான். மறுநாள் அந்தச் சில்லோடு பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம், நீங்கள் சொன்னது சரி என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெட்டியை நீ வைத்துக்கொள் என்றார்.

பிஸ்கட் அட்டைப்பெட்டிக்காக மளிகைக் கடைக்காரரை நச்சரித்தேன். உள்ளே கரிய காகிதம் ஒட்டினேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஊசியால் துளை போட்டேன். வருகிறவர்களிடம் சொல்லவேண்டியதைத் தெருக்குழாயில் வரிசை போட்டிருந்த காலிக் குடங்களுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, அம்மா, சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அது தானாக உங்கள் பெட்டிக்குள் வரும்.' குடங்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டன.

போகிக்கு முந்தின நாள், கடைசி ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, நான் பெரிய மனுஷி ஆகியிருந்தேன்.

என்ன நடந்திருக்கிறது என்று அம்மா சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் என்பதுதான். தண்ணி ஊத்துகிற வரைக்கும் என்றாள். அது கிரகணத்துக்கு முன்பா பின்பா என்றேன். பின்னால்தான் என்றாள். நான் அழுதேன். வந்திருந்த பக்கத்து மனைப் பெண்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்குள் போகக்கூடாது. யாரையும் தொடக்கூடாது. தொட்டால் தொட்டவர்கள் தலை முழுக வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். புத்தகம் சரஸ்வதி, அதைத் தொடவே கூடாது. பைக்கட்டு உள்ளே ஆணியில் தொங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் தெரிந்தது. அப்பா திடீரென்று என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலையிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் காராசேவு வாங்கி வந்து தூரத்தில் வைத்துவிட்டு, காற்றிடம் பேசுவது போல, "சாப்டச் சொல்லு" என்றார்.

மறுநாள் போகி. ஊரே பழைய பாயையும் துடைப்பத்தையும் எரித்துப் புகைமூட்டிக்கொண்டிருந்தபோது, மாமா மாவு மூட்டை ஏற்றும் தன் குட்டியானை வண்டியில் பச்சைத் தென்னை ஓலையைக் கொண்டுவந்து இறக்கினார். வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஓலைக் குடிசை கட்டித் தருவது தாய்மாமன் கடமை. சுற்றிலும் காலி மனைகளும் வேலிகாத்தான் புதரும்தான் என்பதால், இடத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் பூசாத சுவருக்குப் பக்கத்திலேயே நாலு கம்பு நட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

"மாமே, பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டியில இட்டுனு போறியா? பொங்கலுக்கு மறுநா. கொஞ்ச நேரம்தான்" என்று ஓலைக்கு இந்தப் பக்கமிருந்து கெஞ்சினேன்.

"ஏன், உங்கம்மா கைல நான் அடி வாங்கணுமா? சூரியன் எங்கயும் போவாது, செல்லம். நாளைக்கும் வரும்."

"கிரகணம் வருமா?"

"அதுவும் வரும். நீ கெழவியானப்புறம்."

அன்று சாயங்காலம் என் வகுப்புத் தோழி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, டீச்சர் விசாரித்ததாகச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, என் பெட்டியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அந்த வேறொருத்திக்கு ஊசித்துளையில் வரும் படம் தலைகீழாக இருக்கும் என்பதுகூடத் தெரியாது. நான் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் படுக்கும்போது ஒன்றை முடிவு செய்திருந்தேன். ஊருக்குக் காட்டுவது போனால் போகட்டும். நான் பார்த்தே தீருவேன்.

எப்படிப் பார்ப்பது என்பதற்குப் பொங்கலன்று விடை கிடைத்தது. வாசலில் பானை பொங்கியது, எல்லோரும் குலவையிட்டார்கள், நான் ஓலைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் மேலே ஏறியது. என் பாயின் மேல் வெளிச்சப் பொட்டு ஒன்று விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தரை முழுக்க. மாமாவின் முடைச்சலும் அவர் கொடுக்கும் வாக்கைப் போலத்தான், நிறைய ஓட்டை. நீளமாகக் கிழிந்த இடுக்குகளிலிருந்து விழுந்தவை இழுபட்டுக் கிடந்தன. ஆனால் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து விழுந்தவை எல்லாம் வட்டம். சுத்தமான வட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு சூரியன். எனக்கு இங்கே எண்ண முடியாத அளவு சூரியன். நாளைக்கு இவை அத்தனையும் தேய்ந்து தேய்ந்து பிறையாகப் போகின்றன. நான் எங்கும் போகவேண்டியதில்லை. பாயில் உட்கார்ந்திருந்தால் போதும். அன்று பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் பெரியம்மா வரும் வரைதான். அம்மாவின் அக்கா குமணன்சாவடியிலிருந்து சாயங்காலம் வந்தாள். வரும்போதே கிரகணச் செய்தி எல்லாவற்றையும் டிவியில் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏண்டி, பொண்ண இன்னா வெட்டவெளியில உக்கார வெச்சிகினு கீறே? நாளைக்குக் கிரகணம். ஓலைல வெளிச்சம் எறங்காது?"

"அப்போ ஊட்டுக்குள்ள கூட்டிக்கலாமா?" என்றாள் அம்மா.

"தண்ணி ஊத்தாம ஊட்டுக்குள்ளயா? சாமி படம் கீது. நாளைக்குத் தை அமாவாச வேற, பெரியவங்களுக்குப் படையல் போடணும்."

"அப்போ வெளியவே இருக்கட்டும்."

"வெளிய இருந்தா கிரகணம் படும்னு இப்பதான சொன்னேன்."

கிரகணச் சட்டப்படி நான் கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். தீட்டுச் சட்டப்படி நான் கூரைக்குக் கீழே வரக்கூடாது. இரண்டு சட்டமும் பெரியம்மாவுடையது. அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊட்டுக்குள்ளயும் வேணாம், வெளியவும் வேணாம். பொண்ண இன்னா கரண்ட் கம்பத்துல கட்டித் தொங்க வுட்றதா? நம்ம வண்டி தார்ப்பாய் கீது. அத்த மேல போட்டு நாலு பக்கமும் இறுக்கிடறேன். கொட்ற மயைல மாவு மூட்டையே நனையாது, கிரகணம் எறங்கிடுமா?"

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. என்னைத் தவிர. ஓலைக்குள்ளிருந்து, மூச்சு முட்டும் என்று கத்தினேன். கீழே காத்துக்கு வுட்டு வெக்கறேன் என்றார் மாமா. பூச்சி வரும் என்றேன். வேப்பிலை வெக்கறேன் என்றார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாட்டுப் பொங்கல் விடிந்ததும் மாமா வண்டியைக் கழுவி, மஞ்சள் பூசி, முன்னால் மாலை போட்டார். "எங்கூட்டு மாடு இதான். புல்லும் வேணாம், புண்ணாக்கும் வேணாம், டீசல் ஊத்துனா போவும்" என்றார். பிறகு வண்டியிலிருந்த தார்ப்பாயை உதறி என் கூரைமேல் போட்டார். ஒரே இழுப்பில் என் சூரியன்கள் அத்தனையும் அணைந்தன. கயிறு இறுக்கும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. டீசல் வாடையும் மாவு வாடையும் கலந்து அடித்தன. கையை முகத்துக்கு முன்னால் வைத்தால் மங்கலாகத்தான் தெரிந்தது.

வீட்டில் படையலைச் சீக்கிரமே முடித்தார்கள். மிச்சமிருந்த சோற்றுக்கும் தண்ணீருக்கும் தர்ப்பை கிள்ளிப் போட்டார்கள். எல்லோரும் உள்ளே போனார்கள். அம்மா மட்டும் போகவில்லை.

"நீ எங்கடி வெளிய நிக்கற?" என்றது பெரியம்மாவின் குரல்.

"கொயந்தய தனியா வுட்டுட்டு எப்டிக்கா வர்றது?"

"உம்மேல படும்."

"பட்டா படட்டும். எனக்கு இன்னா, இன்னொன்னு பொறக்கப் போவுதா?"

கதவு சாத்திக்கொண்டது. அம்மா குடிசை வாசலில் உட்காரும் சத்தம் கேட்டது.

நான் இருட்டில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளி மைதானத்தில் இப்போது கூட்டம் சேர்ந்திருக்கும். அந்த வேறொருத்தி என் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெட்டியின் உள்ளே எங்கேயாவது கரிய காகிதம் உரிந்திருந்தால் பசை தடவச் சொல்லியாவது அனுப்பியிருக்கலாம். பெட்டிக்குள் எவ்வளவுக்கு எவ்வளவு இருட்டோ அவ்வளவுக்கு அவ்வளவு படம் தெளிவாக விழும். அதற்காகத்தான் கரிய காகிதம். அதற்காகத்தான் நான் ஒவ்வொரு மூலையாக ஒட்டினேன்.

அப்போதுதான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். மாமா எனக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார். நான் உட்கார்ந்திருந்ததே அதற்குள்தான். அதில் இல்லாதது ஒரே ஒரு துளை.

காத்து கருப்பு அண்டாமல் இருக்க, முதல் நாளே என் பாய்க்கு அடியில் ஒரு இரும்பு வைத்திருந்தார்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய நீளமான ஆணி. அதை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஓலையை விலக்கித் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் ஆணியைப் பிடித்து மேல்நோக்கிக் குத்தினேன். தார்ப்பாய் விட்டுக்கொடுத்து மேலே எழும்பியதே தவிர கிழியவில்லை. மாவு மூட்டையைக் காப்பாற்றிய தார்ப்பாய். மறுபடியும் குத்தினேன். நுனிக்காலில் நின்று, ஒரே இடத்தில் ஆணியை வைத்துத் திருகினேன். கை வலித்தது. வீட்டுக்குள்ளிருந்து பெரியம்மா, டிவியைப் பார்த்து ஊருக்கு அறிவிப்பது போல, "புடிச்சிருச்சாம்" என்றாள். இன்னும் வேகமாகத் திருகினேன்.

"இன்னாடி சத்தம்?" என்றாள் அம்மா.

அதே நேரத்தில் ஆணி மேலே போனது. உருவினேன்.

துளையிலிருந்து ஒரு வெளிச்சக் கம்பி சாய்வாக இறங்கியது. கூரையிலிருந்து உதிர்ந்த மாவுத் தூசி அதில் மிதந்தது. நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் நாலணாக் காசு அளவுக்குச் சூரியன் வந்து உட்கார்ந்தது. அதன் ஓரத்தில் ஒரு கடி. எலி கடித்த அப்பளம் போல, கச்சிதமான ஒரு கடி.

அம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு தலையை நுழைத்தாள். என் கையைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. சட்டென்று உள்ளே வந்து, என் கையைப் பிடித்து இழுத்து, முந்தானையால் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு விரித்துப் பார்த்தாள். ஊதினாள்.

"சுட்டுதா?"

"சுடாதும்மா. நீ என்னைத் தொட்டுட்ட."

அம்மா கையை விடவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தாள். "கிரகணம் வுட்டதும் எப்டியும் எல்லாருமே தல முழுவணும். தொட்டா இன்னா, தொடாட்டி இன்னா" என்றாள். அப்புறம் என் பக்கத்தில், தோள் உரச, பாயிலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த நாட்களில் என்னை யாரும் தொட்டிருக்கவில்லை.

வெளிச்சம் இப்போது தரையில் விழுந்து கிடந்தது. அம்மா கால்களை மடக்கிக்கொண்டாள்.

"நானே உள்ள வந்துட்டேன் பாத்தியா. அடைக்கிறியா அந்த ஓட்டைய?"

"இது கிரகணம் இல்லம்மா. கிரகணத்தோட படம். டிவில ஊடு எரியறத காட்டினா நம்ம ஊடு எரியுதா?"

அம்மா மடக்கிய கால்களை மெல்ல நீட்டினாள். அது நல்ல அறிகுறி. நான் எழுந்து நின்று, குடங்களுக்கு முன்னால் சொன்ன அதே குரலில் ஆரம்பித்தேன்: "மேல இருக்கற ஓட்டைய நேரா பாக்கக்கூடாது. கண்ணு போயிடும். வெளிச்சத்துக்கு முதுக காட்டி உக்காரணும். அது தானா நம்ம கைக்கு வரும்." பிறகு, "கைய நீட்டு" என்றேன்.

கொஞ்ச நேரம் ஆனது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்குவது போலக் குவித்து நீட்டினாள். நான் அதை விரித்து, சரியான இடத்துக்கு நகர்த்தினேன். வாஷிங் பவுடரில் வெடித்த அவள் கையின் நடுவில் சூரியன் வந்து நின்றது. கடி முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.

"யாரு கடிக்கறது?"

"நிலா."

"பகல்ல நிலா எங்கடி வந்துச்சு? அதுவும் அமாவாசையில?"

"அமாவாசையிலயும் நிலா கீதும்மா. வெளிச்சம் அதுக்கு அந்தப் பக்கம் படுது, அதான் நமக்குத் தெரியல. இப்ப சூரியனுக்கு நேரா வந்து நிக்குது, அதான் கடிச்ச மாதிரி தெரியுது."

"அமாவாசையில நிலா இல்லன்னுதான் நெனச்சுகினு இருந்தேன்" என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். புங்க மரத்தைச் சொன்னேன். முறுக்குச் சில்லைச் சொன்னேன். அந்தச் சில்லைக் காணோமென்று என்னை அடித்தது அம்மாவுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் சொன்னேன். மேலே எந்தப் பக்கம் கடிபட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் கையில் தெரியும் என்று விரலால் வரைந்து காட்டினேன். அம்மா அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டாள். நிலா ஏன் மாசாமாசம் இப்படிக் கடிப்பதில்லை என்று கேட்டாள். அது எனக்குச் சரியாகத் தெரியாது. நேராக வரவேண்டும், எப்போதும் நேராக வராது என்று ஒரு மாதிரி சமாளித்தேன். அதற்குமேல் எட்டாவதில்தான் வரும் என்றும் சொல்லிவைத்தேன்.

வெளிச்சம் பிறையாகிக்கொண்டே வந்தது. தார்ப்பாயின் சூடு குறைந்தது. எங்கோ காக்கைகள் கரைந்தன. தெருநாய் ஒன்று விட்டுவிட்டுக் குரைத்தது. கையை மாற்றி மாற்றி நீட்டினோம். என் கை வலித்தால் அம்மாவின் கை, அம்மாவின் கை வலித்தால் என் கை. உச்சத்தில் அது வெட்டிப்போட்ட நகத் துண்டு போல இருந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கொஞ்சங்கூட அசைக்காமல் வைத்திருந்தாள். நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் அவள் முகம் அப்படி இருக்கும்.

பிறை மறுபக்கம் திரும்பிப் பெருக ஆரம்பித்த பிறகுதான் அவள் பேசினாள்.

"நானும்தான் ஓலையில உக்காந்தேன். எங்க மாமன் கட்டுனது. பொட்டு பொட்டா வெளிச்சம் வுயுந்துகினேதான் இருந்துச்சு. அத்தினி நாளும் அதையேதான் பாத்துகினு கெடந்தேன், வேற வேலை? அது சூரியன்னு யாரு சொன்னா?"

அது வட்டமாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அம்மா யோசித்துப் பார்த்தாள்.

"ஆமா. வட்டமாத்தான் இருந்துச்சு."

கிரகணம் விட்டது. எல்லோரும் குளித்தார்கள், எனக்கும் தனியாக ஒரு அண்டாவில் தண்ணீர் வந்தது. மாமா தார்ப்பாயை அவிழ்த்து மடிக்கும்போது ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது எப்டிக்கா ஆச்சு? நேத்து நல்லா இருந்துச்சே."

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் அம்மா, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

"மேல ஏறி, நடுவுல மட்டும் ரவுண்டா கடிச்சுட்டு எறங்கிடுச்சா? நல்லா படிச்ச எலி போல கீது" என்றார் மாமா. ஓலைப் பக்கம் பார்த்தார். பிறகு தார்ப்பாயை மடித்து வண்டியில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வடை சுட்டார்கள். வாசலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்து, எனக்குத் தண்ணி ஊத்துகிற நாளைப் பேசினார்கள். நான் ஓலைக்குள் வடையைக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பேரைக் கூப்பிடுவது, சீர்த்தட்டை மாமா எப்போது கொண்டுவருவது என்றெல்லாம் பேச்சு போனது. பிறகு பெரியம்மாவின் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

"விசேஷம் முடிஞ்சதும் இஸ்கூலு எதுக்கு? ரயிலு ரோடெல்லாம் தாண்டிப் போவணும். எம் பொண்ண நிறுத்தலியா? ஏழாவது வந்ததே நம்ம பக்கத்துல பெருசு. ஊட்டுல இருந்தா உனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "அதான் நானும் யோசிச்சுகினு கீறேன்" என்றார்.

எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ போவட்டும்" என்றாள் அம்மா. "எட்டாவதுல இன்னா சொல்லிக் குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. குடத்தை எங்கே இறக்கி வைப்பது என்று சொல்கிற குரல்தான் அது. பெரியம்மா ஏதோ ஆரம்பித்தாள். அம்மா மறுபடியும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னாள். அதன் பிறகு பேச்சு சீர்த்தட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஓலைக்கு இந்தப் பக்கம் எனக்கு முகம் சுண்டிப்போனது. எட்டாவதில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவேண்டுமாம். அப்படியென்றால் நான் சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை. நிலா ஏன் மாசாமாசம் வருவதில்லை என்ற இடத்தில் நான் சமாளித்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள், விசாரிக்கப் போகிறாள். அன்று வடையைப் பாதியில் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொன்னதை எல்லாம் முதலிலிருந்து ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வேறெங்கே தப்பு விட்டேன் என்று தேடிக்கொண்டே தூங்கிப்போனேன்.